மேற்கே நகர்ந்த அமெரிக்க எல்லைப்புற முன்னோர்: தடத்தைப் பின்னோக்கிப் பிடிப்பது எப்படி?

கேள்வி இது. 1850-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இல்லினாய் மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பம் கிடைத்திருக்கிறது. குடும்பத் தலைவருக்கு வயது 56, பிறந்தது வட கரோலினா. மனைவிக்கு 50, டென்னசி. பிள்ளைகளில் 26, 22 வயதுக்காரர்கள் கென்டக்கியில் பிறந்தவர்கள். 18, 14 வயதுக்காரர்கள் இல்லினாயில். அதற்கு முந்தைய ஆவணம் எதிலும் இவர்கள் அகப்படவில்லை. வட கரோலினாவிலோ அதே பெயரில் ஏராளமானவர்கள். இதற்கு மேல் எப்படிப் போவது?

வட கரோலினாவை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பிறந்த மாநிலத்துக்குத் தாவுவதில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். ஒவ்வொரு இடப்பெயர்வும் இரண்டு முனைகளில் எழுத்தை விட்டுச் செல்கிறது: கிளம்பிய கவுன்டியில் (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) கொஞ்சம், வந்து சேர்ந்த கவுன்டியில் கொஞ்சம். கடைசி நகர்வின் இரு முனைகளையும் ஆவணத்தால் கட்டிய பிறகே அதற்கு முந்தைய நகர்வைத் தொட வேண்டும். உங்கள் விஷயத்தில் அது கென்டக்கியிலிருந்து இல்லினாய் வந்தது.

அது எப்போது என்பதை அந்த ஒரே பக்கம் சொல்லிவிடுகிறது. 22 வயதுப் பிள்ளை 1828 வாக்கில் கென்டக்கியில் பிறந்திருக்கிறது. 18 வயதுப் பிள்ளை 1832 வாக்கில் இல்லினாயில். நகர்வு இந்த நான்கு ஆண்டுகளுக்குள். வயதுகளில் ஓரிரு ஆண்டு பிசகு சகஜம் என்பதால் இரு பக்கமும் ஓராண்டு கூட்டிக்கொள்ளுங்கள். டென்னசியை இவருடைய வழித்தடத்தில் சேர்த்துவிடாதீர்கள். அது மனைவி வீட்டாரின் தடம். இவர் டென்னசியில் ஒரு நாள்கூட வாழாமல் இருந்திருக்கலாம்.

1850-க்கு முந்தைய கணக்கெடுப்புகளில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே இருக்கும். மற்றவர்கள் வயதுப் பிரிவுக்குள் வெறும் எண்ணிக்கை. ஆனாலும் அவை பயன்படும். 1830 கணக்கெடுப்பில் 20 வயது வரை ஐந்தாண்டுப் பிரிவுகள், அதற்கு மேல் பத்தாண்டுப் பிரிவுகள். இவர் 30–40 பிரிவில் ஓர் ஆணாகவும், மூத்த பிள்ளை 5–10 பிரிவிலும், அடுத்தது ஐந்துக்குக் கீழும் வர வேண்டும். மனைவி சரியாக 30 வயதின் விளிம்பில் நிற்பதால் 20–30, 30–40 இரண்டில் எதிலும் இருக்கலாம். இந்த அச்சோடு பொருந்தும் வீட்டை இரண்டு மாநிலங்களிலும் தேடுங்கள். 1820-க்குப் போகும்போது ஒரு பொறி உண்டு. அதில் 16–18 வயது ஆண்களுக்குத் தனிக் கட்டம் இருக்கிறது, அதே ஆட்கள் 16–26 கட்டத்திலும் எண்ணப்படுகிறார்கள். அப்படியே கூட்டினால் வீட்டில் இல்லாத மகன் ஒருவன் முளைத்துவிடுவான்.

அடுத்தது நிலம். ஒஹையோவுக்கு மேற்கே உள்ள பெரும்பாலான மாநிலங்களில் மத்திய அரசே நிலத்தை அளந்து விற்றது. 1785-ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி ஆறு மைல் சதுரம் ஒரு டவுன்ஷிப். அதற்குள் 36 செக்‌ஷன்கள். ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர். 1796 சட்டம் முதல், எண்கள் வடகிழக்கு மூலையில் 1 என்று தொடங்கி, ஏர் ஓட்டுவதுபோல் மாறி மாறித் திரும்பி, தென்கிழக்கு மூலையில் 36-ல் முடியும். விலை விதிகளும் ஆண்டைச் சொல்லும். 1820-க்கு முன் ஏக்கர் 2 டாலர், தவணை உண்டு. 1820 முதல் ஏக்கர் 1.25 டாலர், ரொக்கம் மட்டும், குறைந்தது 80 ஏக்கர். 1832 முதல் 40 ஏக்கரும் வாங்கலாம். குடியிருந்து பயிரிட்டவர்களுக்கு இலவசமாக நிலம் தந்த 1862 ஹோம்ஸ்டெட் சட்டம் இவர்கள் காலத்துக்குப் பிந்தையது.

அரசு கடைசியாகத் தரும் பட்டாவின் பெயர் பேட்டன்ட். மத்திய நில மேலாண்மைப் பணியகத்தின் இணையதளத்தில் இவற்றைக் கட்டணமின்றித் தேடலாம். ஆனால் பேட்டன்டில் உள்ள தேதியை வந்து சேர்ந்த தேதி என்று எடுத்துக்கொண்டால் கணக்கு மொத்தமும் கோணிப்போகும். ஆப்ரகாம் லிங்கனின் தந்தை தாமஸ் லிங்கனின் ஆவணங்கள் நன்றாக ஆராயப்பட்டவை என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம். குடும்பம் கென்டக்கியிலிருந்து இண்டியானா வந்தது 1816 டிசம்பரில். நிலத்துக்கு வின்சென்ஸ் நில அலுவலகத்தில் பதிந்தது 1817 அக்டோபர் 15-ல்: 160 ஏக்கர், ஏக்கர் 2 டாலர், மொத்தம் 320. அன்று கட்டியது 16 டாலர்; டிசம்பரில் 64. இரண்டும் சேர்ந்து முதல் தவணையான கால் பங்கு. மீதியைக் கட்ட முடியாமல், பின்னர் வந்த நிவாரணச் சட்டத்தின்படி பாதி நிலத்தைத் திருப்பிக் கொடுத்து, கட்டிய பணத்தை மறுபாதிக்கு வரவு வைத்து, 1827-ல் 80 ஏக்கருக்குப் பேட்டன்ட் வாங்கினார். பேட்டன்டை மட்டும் பார்ப்பவர் வந்த ஆண்டைப் பத்தாண்டு தள்ளிப் போடுவார், வாங்கிய நிலத்தையும் பாதியாகக் குறைத்துவிடுவார்.

ஆகவே பேட்டன்டோடு நிற்காமல், நிலத்துக்குப் பதிந்த தேதியைத் தேடுங்கள். இல்லினாய்க்கு இது எளிது. அந்த மாநில ஆவணக் காப்பகத்தின் பொதுநில விற்பனைத் தரவுத்தளத்தில் வாங்கிய நாள், ஏக்கர், விலை, செக்‌ஷன் எண் எல்லாம் உண்டு. வாங்கியவர் அப்போது வசித்த கவுன்டியும் சில பதிவுகளில் இருக்கும். ஓர் எச்சரிக்கை: இல்லினாய் ஆற்றுக்கும் மிசிசிப்பிக்கும் இடைப்பட்ட ராணுவ நிலப்பகுதியில் பிரிட்டனோடு நடந்த 1812 போரின் வீரர் பெயரில், சேவைக்குக் கொடையாக 160 ஏக்கர் இருந்தால், அவர் அங்கே வாழ்ந்தார் என்று அர்த்தமில்லை. மிகப் பலர் அந்த உரிமையைப் பணத்துக்கு விற்றுவிட்டு ஊரிலேயே இருந்துவிட்டார்கள்.

யாரிடமிருந்து அந்த நிலம் எப்போது எடுக்கப்பட்டது என்பதையும் பாருங்கள். அது நீதியின் பொருட்டும் தெரிந்துகொள்ள வேண்டியது, தேதியின் பொருட்டும் தேவையானது. கிக்கப்பூ என்ற பூர்வகுடி மக்கள் மத்திய இல்லினாயைக் கைவிட வைக்கப்பட்ட எட்வர்ட்ஸ்வில் ஒப்பந்தம் 1819-ல் நடந்தது. ஸ்பிரிங்ஃபீல்ட் நில அலுவலகம் விற்பனையைத் தொடங்கியது 1823-ல். மேற்கு டென்னசியும் கென்டக்கியின் மேற்கு முனையும் சிக்கசா பூர்வகுடி மக்களிடமிருந்து 1818-ல் எடுக்கப்பட்டவை. 1810-ல் அங்கே பண்ணை வைத்திருந்ததாக ஒரு குடும்ப மரம் சொன்னால் நம்ப வேண்டாம். அதே சமயம், பத்திரமில்லாமல் குடியேறிக் காத்திருந்தவர்கள் எல்லா இடத்திலும் இருந்தார்கள் என்பதால், விற்பனைத் தேதிக்கு ஓரிரு ஆண்டு முன்பே வந்திருக்கவும் கூடும்.

இனி கென்டக்கி முனை. இங்கே உங்கள் பெரிய ஆயுதம் வரிப் பட்டியல். கென்டக்கியில் ஆண்டுதோறும் கவுன்டி வாரியாக எழுதப்பட்டது. பெரும்பகுதி ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஒவ்வொருவரின் பெயருக்கு எதிரே எத்தனை ஏக்கர், எந்த ஓடைக்கரை, 21 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் எத்தனை பேர், குதிரைகள் எத்தனை என்று கட்டங்கள். ஓடையின் பெயர்தான் தங்கம். ஒரே கவுன்டியில் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தாலும், ஒருவர் இந்த ஓடை, இன்னொருவர் அந்த ஓடை என்று பிரித்துவிடலாம். பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் கணக்கெடுப்பில் தெரியாதது இங்கே ஆண்டுக்கு ஆண்டு தெரியும்: 21 வயதானதும் ஒருவர் பெயர் புதிதாக வரும், கிளம்பியதும் மறையும். 1829 வரை இருந்து 1830-ல் மறைந்தவர் உங்கள் ஆளாக இருக்க வாய்ப்புண்டு. ஒரே ஓடைக்கரையில் நாலைந்து பெயர்கள் ஒரே ஆண்டில் மறைந்தால், அந்தப் பெயர்களை அப்படியே குறித்துக்கொண்டு இல்லினாய்ப் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

ஏனென்றால் யாரும் தனியாக நகரவில்லை. அண்ணன் தம்பி, மச்சான், மாமனார், ஒரே சபையைச் சேர்ந்தவர்கள் என்று கூட்டமாகவே நகர்ந்தார்கள். முதலில் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டுத் தகவல் அனுப்புவார். லிங்கன் குடும்பம் 1830 மார்ச்சில் இல்லினாய் போனதும் அப்படித்தான். தாய்வழி உறவினர் ஜான் ஹேங்க்ஸ் முன்பே மேக்கன் கவுன்டியில் குடியேறியிருந்தார். பிறகு மூன்று குடும்பங்களாகப் பதின்மூன்று பேர் சேர்ந்து கிளம்பினார்கள். உங்கள் ஆள் 1850 பக்கத்தில் எந்த வரியில் இருக்கிறாரோ, அதற்கு முன்னும் பின்னும் இருபது வீடுகளைப் பார்த்து, வட கரோலினா அல்லது கென்டக்கியில் பிறந்தவர்களின் பட்டியலை எழுதுங்கள். அதில் அரிதான குடும்பப்பெயர் ஒன்றைப் பிடித்து அதைக் கென்டக்கியில் தேடுங்கள். சாதாரணப் பெயர்கொண்ட உங்கள் ஆளைவிட அந்த அரிய பெயர்க்காரர் சீக்கிரம் கிடைப்பார். அவர் இருந்த கவுன்டியில்தான் பெரும்பாலும் உங்கள் ஆளும் இருப்பார்.

கவுன்டி தெரிந்ததும் கிரயப் பத்திரங்கள். புதிய ஊரில் வாங்கிய முதல் பத்திரத்தில் வாங்குபவர் இன்ன கவுன்டிக்காரர் என்று பழைய ஊர் எழுதப்பட்டிருக்கலாம். பழைய ஊரில் கடைசியாக விற்ற பத்திரம் கிளம்புவதற்குச் சற்று முன்போ, போய்ச் சேர்ந்த பின்போ எழுதப்பட்டிருக்கும். பின்னதாக இருந்தால், புதிய கவுன்டியின் நீதிபதி சான்றளித்து அனுப்பியிருப்பார். ஒரே தாளில் இரண்டு ஊரும் கிடைத்துவிடும். மனைவியின் விதவைப் பங்கு உரிமையை விட்டுக்கொடுக்கச் செய்வதற்காக அவரைத் தனியே விசாரித்து எழுதும் வழக்கம் இருந்ததால் அவருடைய பெயரும் இருக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிது பவர் பத்திரம். இல்லினாயில் இருக்கும் வாரிசு, கென்டக்கியில் இறந்துபோன தந்தையின் நிலத்தில் தன் பங்கை விற்கத் தம்பிக்குப் பவர் எழுதிக் கொடுத்திருந்தால், அந்த ஒரு பத்திரம் தந்தை, பிள்ளைகள், மருமகன்கள் எல்லோரையும் வரிசையாகச் சொல்லிவிடும். விற்ற பத்திரத்தின் அட்டவணையில் முதல் வாரிசின் பெயரும் ‘மற்றும் பிறர்’ என்பதும் மட்டுமே இருக்கும் என்பதால், உங்கள் ஆளின் பெயரைத் தேடினால் அகப்படாது. குடும்பப்பெயர் முழுவதையும் பாருங்கள்.

இந்தச் சிக்கலை இப்போது ஓரளவு கடக்க முடிகிறது. ஃபேமிலிசர்ச் தளத்தின் முழுவாசகத் தேடலில் கையால் எழுதிய பத்திரங்களையும் உயில்களையும் கணினியே படித்து எழுத்தாக்கியிருக்கிறது. அட்டவணையில் வராத சாட்சிகள், பக்கத்து நிலத்துக்காரர்கள், ஏலத்தில் பானை வாங்கியவர்கள்வரை கிடைக்கிறார்கள். பெயரை மேற்கோள் குறிக்குள் இட்டு, இன்னொரு பெயரையோ ஓடையையோ கூட்டிக் குறியோடு சேர்த்துத் தேடுங்கள். பழைய கையெழுத்தில் எஸ் எழுத்து எஃப் போலத் தோன்றும். அந்தப் பிழையோடும் ஒருமுறை தேட வேண்டும்.

கென்டக்கி நிலம் டவுன்ஷிப் முறையில் அளக்கப்பட்டதல்ல. வெள்ளை ஓக் மரத்திலிருந்து வடக்கே 30 பாகை கிழக்காக 120 ‘போல்’ (ஒரு நீள அளவு), அங்கிருந்து ஓடைவரை என்று நான்கெல்லை எழுதுவார்கள். ஒரு போல் 16.5 அடி, 320 போல் ஒரு மைல். எல்லைகளைக் காகிதத்தில் வரைந்து, அண்டை நிலங்களையும் ஒட்டிப் பார்த்தால் யார் யாருக்குப் பக்கத்தில் இருந்தார்கள் என்பது கண்ணுக்குத் தெரியும். வர்ஜீனியா கொடுத்த உரிமைச் சீட்டு, பதிவு, சர்வே, பட்டா என நான்கு படிகள். முறையாக அளக்காமலே உரிமை கொடுத்ததால் ஒரே நிலத்துக்கு இரண்டு மூன்று பேர் உரிமை கோரினார்கள். தாமஸ் லிங்கன் 238 ஏக்கர் என்று வாங்கிய மில் கிரீக் பண்ணையை விற்கும்போது 200 ஏக்கர் என்றே விற்க முடிந்தது. அவர் கென்டக்கியை விட்டுப் போனதற்கு நிலத் தகராறு ஒரு காரணம், அடிமைமுறை இன்னொரு காரணம். உங்கள் ஆள் கிளம்பிய காரணமும் கவுன்டி நீதிமன்ற வழக்குக் கட்டுகளில் இருக்கக்கூடும். அந்தக் கட்டுகளில் அண்டை வீட்டார் அளித்த வாக்குமூலங்கள் ‘இவரை வட கரோலினாவிலேயே எனக்குத் தெரியும்’ என்ற வகையில் பேசுவதுண்டு.

மூத்த பிள்ளை 1824-ல் பிறந்திருப்பதால் திருமணம் 1822, 1823 வாக்கில் நடந்திருக்கும். அந்தப் பதிவு பெரும்பாலும் பெண் வீட்டாரின் கவுன்டியில்தான் இருக்கும். லிங்கனின் பெற்றோர் வாழ்ந்தது கென்டக்கியின் ஹார்டின் கவுன்டி என்பதால் அங்கேயே திருமணப் பதிவைத் தேடிக் கிடைக்காமல் வீண் வதந்திகள்கூடப் பரவின. 1806 ஜூன் 12-ல் நடந்த அந்தத் திருமணம் வாஷிங்டன் கவுன்டியில் பதிவாகியிருந்தது. திருமண உறுதிப் பத்திரத்தில் பிணை நிற்பவர் பெரும்பாலும் பெண்ணின் தந்தை அல்லது சகோதரர். உங்கள் குடும்பத்தில் மனைவி டென்னசிக்காரர் என்பதால், மாநில எல்லையின் இரு பக்கத்துக் கவுன்டிகளையும் பாருங்கள்.

கவுன்டி எல்லைகள் நகர்ந்துகொண்டே இருந்தன என்பதை எந்தக் கட்டத்திலும் மறக்கக் கூடாது. இல்லினாயின் சாங்கமன் கவுன்டியிலிருந்து 1839-ல் மெனார்ட், லோகன் முதலியவை பிரிந்தன. அதே பண்ணையில் அசையாமல் இருந்தவர் 1830-ல் ஒரு கவுன்டியிலும் 1840-ல் இன்னொன்றிலும் தெரிவார். கென்டக்கி 1792 வரை வர்ஜீனியாவின் பகுதி. டென்னசி 1790 வரை வட கரோலினாவின் பகுதி. உங்கள் ஆளுக்கு 1786-ல் பிறந்த அண்ணன் இருந்து, அவரும் ‘வட கரோலினா’ என்று சொல்லியிருந்தால், அது இன்றைய டென்னசியாக இருக்க முடியும். நியூபெரி நூலகம் வெளியிட்ட கவுன்டி எல்லை வரைபடத் தொகுப்பில் தேதியைக் கொடுத்தால் அன்றைய எல்லையைப் பார்க்கலாம். பழைய ஆவணங்கள் தாய் கவுன்டியிலேயே தங்கிவிடும். புதிய கவுன்டிக்கு மாறாது.

இப்போது போர் ஆவணங்கள். 1794-ல் பிறந்தவர் 1812 போரில் பதினெட்டு, இருபது வயது இளைஞர். அந்தப் போருக்கான ஓய்வூதியம் 1871, 1878 சட்டங்களில் வந்தது. 1878-ல் பதினான்கு நாள் சேவையே போதும் என்று தளர்த்தினார்கள். எப்போது மணந்திருந்தாலும் விதவைக்கு உரிமை உண்டு. உங்கள் குடும்பத்து மனைவி அப்போது உயிரோடு இருந்திருந்தால், பிறந்த வீட்டுப் பெயர், திருமண நாள், இடம் எல்லாம் அந்தக் கோப்பில் இருக்கும். அவருடைய கணவரின் தந்தை 1755–1765 வாக்கில் பிறந்தவராக இருந்தால் அமெரிக்கப் புரட்சிப் போர் (1775–83) வயது. 1832 ஜூன் 7 சட்டத்தின்படி விண்ணப்பித்தவர்களை நீதிமன்றத்தில் நிறுத்தி, எங்கே எப்போது பிறந்தீர்கள், படையில் சேரும்போது எங்கே இருந்தீர்கள், போருக்குப் பின் எங்கெங்கே வாழ்ந்தீர்கள், இப்போது எங்கே என்று கேட்டு எழுதினார்கள். ஒரு மனிதர் தன் இடப்பெயர்வு முழுவதையும் தன் வாயால் சொல்லும் ஆவணம் இதைப்போல் வேறு இல்லை. வயதான தந்தை மகன்களோடு மேற்கே வந்திருப்பார் என்பதால், வட கரோலினாவில் தேடுவதற்கு முன் கென்டக்கி, டென்னசி, இல்லினாயில் விண்ணப்பித்த அதே குடும்பப்பெயர்க்காரர்களைப் படியுங்கள். 1840 கணக்கெடுப்பில் ஓய்வூதியக்காரர்களின் பெயரும் வயதும் தனியே உண்டு. யார் வீட்டில் தங்கியிருந்தார் என்பதிலிருந்து மகனோ மகளோ தெரிய வரும்.

இத்தனைக்கும் பிறகுதான் வட கரோலினா. இந்நேரம் உங்களிடம் நாலைந்து கூட்டாளிக் குடும்பங்களின் பெயர்கள் இருக்கும். அவை எல்லாம் சேர்ந்து கிடைக்கும் கவுன்டிதான் உங்களுடையது. அது ரோவன் என்று வைத்துக்கொள்வோம். ரோவன் கவுன்டி 1753-ல் உருவானது. அதிலிருந்து 1771-ல் சர்ரி பிரிந்தது. அங்கே 1760-களில் இருந்தவர்கள் பெரும்பாலும் பென்சில்வேனியாவிலிருந்து ஷெனன்டோவா பள்ளத்தாக்கு வழியாகப் பெரு வண்டிப்பாதையில் வந்தவர்கள். அடுத்த தேடல் வடக்கே திரும்பும். குடும்பத்தில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சாயல் இருந்தால் அதிர்ஷ்டம்தான்: சபை மாறும்போது கிளம்பிய சபை சான்றிதழ் கொடுக்கும், சேர்ந்த சபை அதைப் பதிந்துகொள்ளும், இரண்டிலும் தேதி இருக்கும். அவர்கள் மாதங்களை எண்ணால் எழுதினார்கள். 1752-க்கு முன் முதல் மாதம் என்பது மார்ச். பாப்டிஸ்ட் சபைகளும் விலகல் கடிதம் கொடுத்தன.

கணக்கெடுப்புகளில் உள்ள ஓட்டைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். கென்டக்கியின் 1790, 1800, டென்னசியின் 1790, 1800, 1810-ல் பெரும்பகுதி, 1820-ல் கிழக்குப் பாதி, வர்ஜீனியாவின் 1790, 1800 ஆகியவை இன்று இல்லை. வரிப் பட்டியல்களே அந்த இடத்தை நிரப்புகின்றன. கவுன்டி நீதிமன்றம் எரிந்துபோன இடங்களிலும் வர்ஜீனியாவின் வரிப் பட்டியல்கள் பிழைத்திருக்கின்றன. ஒரு பிரதி மாநிலத் தலைநகர் ரிச்மண்டுக்குப் போயிருந்தது. அங்கே வரி வசூலாகாதவர்கள் பட்டியலில் சில பெயர்களுக்கு எதிரே ‘கென்டக்கி போய்விட்டார்’ என்றே எழுதியிருப்பார்கள்.

அந்த வீட்டில் அடிமைப்படுத்தப்பட்டவர்கள் இருந்திருந்தால், அவர்களும் அதே பாதையில் வலுக்கட்டாயமாக நடத்தி அழைத்துச் செல்லப்பட்டவர்கள். 1850, 1860 கணக்கெடுப்புகளில் உரிமையாளர் பெயருக்குக் கீழே வயது, பாலினம், நிறம் போன்றவைதான் இருக்கும். பெயர்கள் உயில்களிலும் பாகப்பிரிவினைகளிலும் கிரயப் பத்திரங்களிலும் இருக்கின்றன. உங்கள் தேடலில் கண்ணில் படும் ஒவ்வொரு பெயரையும் ஆண்டு, கவுன்டி, பக்க எண்ணோடு எழுதிப் பொதுவில் வையுங்கள். அவர்களின் வாரிசுகளுக்கு 1870-க்கு முந்தைய தடம் உங்கள் குடும்பத்துக் காகிதங்களில்தான் இருக்கிறது.

ஆவணங்களில் ‘சீனியர்’, ‘ஜூனியர்’ என்பது தந்தை, மகன் என்றுதான் பொருள்படும் என்பதில்லை. அந்த ஊரில் ஒரே பெயர்கொண்ட இருவரில் மூத்தவர், இளையவர் என்றுதான். சித்தப்பாவும் அண்ணன் மகனுமாக இருக்கலாம், உறவே இல்லாமலும் இருக்கலாம். மூத்தவர் இறந்ததும் ஜூனியர் சீனியர் ஆகிவிடுவார். இணையத்தில் கிடைக்கும் குடும்ப மரங்களில் இந்த இடத்தில்தான் கிளைகள் தவறாக ஒட்டப்பட்டிருக்கின்றன.

டிஎன்ஏ சோதனையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தூரத்தில் சாதாரணச் சோதனை பலவீனமானது. ஐந்தாம் நிலைக் கசின்களுக்குள் பொதுவான துண்டு எதுவுமே கிடைக்காமல் போவதுதான் அதிகம். தந்தை வழியில் மகன், மகன் என்று இறங்கி வந்த ஆண் ஒருவர் வை-டிஎன்ஏ சோதனை செய்தால், வட கரோலினாவில் நீங்கள் கண்டுபிடித்த இரண்டு மூன்று குடும்பங்களில் எது உங்களுடையது அல்ல என்று கழித்துவிட முடியும். பொருந்தினாலும், அண்ணன் தம்பிகளில் யார் தந்தை என்று அது சொல்லாது. அதற்கு மீண்டும் வரிப் பட்டியலுக்கும் பவர் பத்திரத்துக்கும்தான் வர வேண்டும்.